இரண்டு தங்கம், நடுவே பன்னிரண்டு வருடம்: மைஃபார்ட் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு ஜெர்மனியின் உயரம் தாண்டுதல் வீராங்கனை உல்ரிக்கே மைஃபார்ட்டைப் பற்றி எங்கே படித்தாலும் பெரும்பாலும் இரண்டு வரிதான் இருக்கும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 16 வயதில் தங்கம். 1984 லாஸ் ஏஞ்சலிஸில் 28 வயதில் மறுபடியும் தங்கம். இரண்டும் உண்மைதான். ஆனால் நடுவில் இருக்கும் வருடங்களைத் தாண்டிப் போய்விட்டால் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதிக்கு மேல் விட்டுப்போகும். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

மியூனிக் வெற்றியை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்காதீர்கள். அதுவரை அவர் தாண்டியதில் அதிகபட்சம் 1.85 மீட்டர். அன்று சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன்னால் 1.90 தாண்டித் தங்கத்தை உறுதி செய்தார். அதோடு நிற்காமல் 1.92ஐயும் தாண்டி உலக சாதனையைச் சமன் செய்தார். அந்தச் சாதனையை வைத்திருந்த ஆஸ்திரியாவின் இலோனா குசன்பவர் அன்று 1.88உடன் வெண்கலம் பெற்றார். அவர் வயிறு கம்பியைப் பார்க்க உருண்டு தாண்டும் பழைய ஸ்ட்ராடில் பாணிக்காரர். மைஃபார்ட் தாண்டியது ஃபாஸ்பரி ஃப்ளாப்பில். வளைந்து ஓடிவந்து, கம்பிக்குத் தள்ளியிருக்கும் காலை ஊன்றி எழும்பி, முதுகைக் கம்பிக்குக் காட்டி, முதலில் தலை, அப்புறம் தோள், இடுப்பு, கடைசியாகக் கால் என்று ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் கொண்டுபோகும் முறை அது. அமெரிக்காவின் டிக் ஃபாஸ்பரி 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அதை உலகத்துக்குக் காட்டி நான்கே வருடம்தான் ஆகியிருந்தது. ஆறடியைத் தாண்டிய ஒல்லியான பெண்ணுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

அதே வெற்றியை அவருடைய வழக்கமான தரம் என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இது பயிற்சியாளர்களும் பெற்றோர்களும் இன்றும் செய்வது. ஒரே மாலையில் 7 சென்டிமீட்டர் முன்னேறிய பெண்ணால் அடுத்த மாதமும் அதையே செய்ய முடியும் என்று யார் சொல்ல முடியும்? மியூனிக்கில் வெள்ளி வாங்கிய பல்கேரியாவின் யோர்தாங்கா பிளாகோயேவா அதே செப்டம்பரில் 1.94 தாண்டிச் சாதனையைத் தன் பக்கம் கொண்டுபோனார். 1976 மாண்ட்ரியலில் மைஃபார்ட் இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. அப்போது அவருக்கு வயது 20. பள்ளி வயதில் உச்சிக்கு ஏற்றப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்து, ‘அவ்வளவுதான், முடிந்தது’ என்று சொல்வது எவ்வளவு சுலபம், எவ்வளவு அநியாயம்! லெவர்குசனில் பயிற்சியாளர் கெர்ட் ஓசன்பெர்க்கிடம் அவர் மறுபடி வளர்ந்த விதத்தைப் பார்த்தால் அந்த அவசரத் தீர்ப்பு எவ்வளவு பிழை என்று புரியும். 1982 ஏதென்ஸ் ஐரோப்பியப் போட்டியில் 2.02 தாண்டி உலக சாதனை படைத்தார். முதல் சாதனைக்குப் பத்து வருடம் கழித்து!

1980 மாஸ்கோ முடிவுகளில் அவர் பெயர் இல்லாததை வைத்து ஃபார்மில் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். மேற்கு ஜெர்மனி அந்த ஒலிம்பிக்கையே புறக்கணித்தது.

1984ஐப் பற்றிப் பேசும்போது இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. புகழ்பவர்கள் சோவியத் யூனியனும் பல்கேரியா போன்ற அதன் கூட்டாளி நாடுகளும் புறக்கணித்ததைச் சொல்வதே இல்லை. 1983 ஹெல்சிங்கி உலகப் போட்டியில் 2.01 தாண்டி மைஃபார்ட்டை வெள்ளிக்குத் தள்ளிய சோவியத் வீராங்கனை தமாரா பைகோவா லாஸ் ஏஞ்சலிஸுக்கு வரவில்லை. போட்டிக்குச் சில வாரம் முன்புதான் 2.07 தாண்டியிருந்த பல்கேரியாவின் லூத்மிலா ஆண்டோனோவாவும் வரவில்லை. இதை மறைக்கக் கூடாது. அதற்காக அந்தத் தங்கத்தைத் தள்ளுபடித் தங்கம் என்று சொல்வதும் சரியில்லை. அவர் தாண்டிய 2.02 ஒலிம்பிக் சாதனை. தோற்கடித்ததும் முந்தைய ஒலிம்பிக் சாம்பியனான இத்தாலியின் சாரா சிமியோனியை, அவரே 2.00 தாண்டியிருந்தார். 1983 ஆகஸ்டில் லண்டனில் மைஃபார்ட்டும் பைகோவாவும் ஒரே நாளில் 2.03 தாண்டியதையும் சேர்த்துப் பார்த்தால், வந்திருந்தாலும் பைகோவாவுக்குச் சுலபமாக இருந்திருக்காது என்பதே என் கணிப்பு.

இரண்டு மீட்டரைத் தாண்டிய முதல் பெண் மைஃபார்ட் என்று சில இடங்களில் வருகிறது. அந்தப் பெருமை கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்மரி ஆக்கர்மனுடையது. 1977இல், பெர்லினில், அதுவும் ஸ்ட்ராடில் பாணியில்.

இன்னொன்று, பெண்கள் உயரம் தாண்டுதலில் ‘மிக இளைய ஒலிம்பிக் சாம்பியனும் மிக மூத்த சாம்பியனும் இவரே’ என்ற வரி. அதில் பாதிதான் சரி. இளையவர் என்பது இன்றும் நிற்கிறது. மூத்தவர் என்பது நிற்கவில்லை: 1996இல் வென்றபோது ஸ்டெஃப்கா கோஸ்தாதினோவாவுக்கு வயது 31, இன்று அந்த இடம் 2016 ரியோவில் 37 வயதில் தங்கம் வாங்கிய ஸ்பெயினின் ருத் பெய்தியாவிடம் இருக்கிறது.