மார்பு வலி என்று மட்டும் சொல்லாதீர்கள்

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வந்ததும் முதல் வேலையாகக் குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பல நாடுகளில் அவர் கடிதம் இல்லாமல் சிறப்பு மருத்துவரைப் பார்க்க முடியாது. ஊரில் போல நேராகப் போய் நிற்க வழியில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நான் சொல்ல வந்தது வேறு.

நான் வந்து 4 மாதம் ஆகியிருந்தது. இடது மார்பகத்தில் ஒரே இடத்தில் வலி. தொலைபேசியில் வந்த மொழிபெயர்ப்பாளர் ஆண். அவர் குரலைக் கேட்டதும் கூச்சத்தில் வாய் வரவில்லை. "மார்பு வலிக்கிறது" என்றேன். அவர் "செஸ்ட் பெயின்" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பேச்சில் மார்பு என்றால் நெஞ்சும்தான், மார்பகமும்தான். உடனே ஈசிஜி, ரத்தப் பரிசோதனை. "இதயம் நன்றாக இருக்கிறது" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரும் மார்பகத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டரே பார்த்துவிட்டாரே என்று 2 மாதம் வலியோடு சும்மா இருந்தேன். ஒருநாள் குளிக்கும்போது அதே இடத்தில் கோலிக்குண்டு போல ஒன்று கையில் தட்டுப்பட்டது.

அல்ட்ராசவுண்ட் செய்து நீர்க்கட்டி என்றார்கள். ஊசியால் நீரை எடுத்ததும் வலி குறைந்துவிட்டது. ஆனால் ஸ்கேன் நாள் வரும்வரை நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். ஒரு சொல்லை விழுங்கியதற்கு 2 மாதம் போனது. நினைத்தால் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அதனால் 'மார்பகம்' என்றே சொல்லுங்கள், அல்லது 'பிரெஸ்ட்' என்று சொல்லுங்கள். வாய் வராவிட்டால் தாளில் எழுதிக் கொடுங்கள், கை வைத்துக் காட்டுங்கள். பெண் மருத்துவர் வேண்டும், பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். என் தோழி ஒருத்தி மகனை அழைத்துப் போய், காம்பில் ரத்தம் கசிவதைச் சொல்லாமலே திரும்பி வந்தாள். எனக்கு இரண்டாம் முறை வந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு பெண். எடுத்ததுமே, "மார்பகமா, நெஞ்சாம்மா?" என்று கேட்டார். அந்தக் குரலில் அக்காவே பக்கத்தில் இருப்பது போல இருந்தது, அங்கேயே அழுதுவிட்டேன்.

நெஞ்சின் நடுவே பாரம் வைத்தது போல அழுத்தினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, வலியோடு வியர்த்து மூச்சு வாங்கினாலோ அது வேறு கதை. சொல்லைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

மற்றபடி, வலி என்றதும் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். வேறு அறிகுறி இல்லாத வெறும் வலி பெரும்பாலும் புற்றுநோயால் வருவதில்லை. புற்றுநோய்க் கட்டிகள் பலவும் தொடக்கத்தில் வலிப்பதே இல்லை. மாதவிடாய்க்கு முன்னால் இரண்டு பக்கமும் கனத்து வலித்து, ரத்தப்போக்கு தொடங்கியதும் அடங்கினால் அது ஹார்மோன் வலி. கருத்தடை மாத்திரையாலும் வலி வரலாம், அளவு சரியில்லாத பிராவாலும் வரலாம். சில சமயம் வலிப்பது மார்பகமே இல்லை, அதன் அடியில் இருக்கும் விலா எலும்புப் பகுதி. வலிக்கும் நாட்களைக் காலண்டரில் 2, 3 மாதம் குறித்து எடுத்துப் போங்கள். மருத்துவருக்குப் பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால், தோல் குழிந்தாலோ ஆரஞ்சுத் தோல் போலத் தடித்தாலோ, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, ஆறாத புண் வந்தாலோ, வலி இல்லை என்று தள்ளிப்போடாமல் போய்விடுங்கள். ஒரே இடத்தில் விடாமல் வலித்தாலும், மாதவிடாய் நின்ற பிறகு புதிதாக வலி வந்தாலும் காட்டிவிடுவதுதான் நல்லது.

தாய்ப்பால் கொடுப்பவர்கள், பால் கட்டிய இடம் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால், ஒருநாளுக்கு மேல் பொறுக்காதீர்கள். விட்டால் சீழ் பிடிக்கலாம். பால் கொடுப்பதையும் நிறுத்த வேண்டாம். ஆன்டிபயாட்டிக் முடிந்தும் சிவப்பு போகாவிட்டால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். அழற்சியோடு வரும் அரிய வகைப் புற்றுநோய் ஒன்றும் இதே போலத்தான் இருக்கும்.

அப்புறம், என்னைப் போல "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டு, வலி அப்படியே இருந்தால், மறுபடி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, "போன தடவை என் மார்பகத்தை யாரும் பரிசோதிக்கவில்லை" என்று சொல்லுங்கள்.