தாரை உடைக்கும் நிக்கல் வினையூக்கி: எங்கே கோட்டை விடுகிறோம்?

நிலக்கரியை வாயுவாக்கினால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் மட்டும் வருவதில்லை, கூடவே தார், நாஃப்தலீன், பீனால் என்று ஒரு பட்டாளமே வரும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் 1984-இல் தொடங்கிய லிக்னைட் ஆலையில் இவற்றைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். பிரிக்காமல், நீராவியோடு சேர்த்து வினையூக்கியின் மேல் ஓட்டி, தாரையும் சின்கேஸாக்குவது, அதாவது ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு கலவையாக்குவது, இன்னொரு வழி. வினையூக்கி பெரும்பாலும் அலுமினா என்ற தாங்கியின் மேல் ஏற்றிய நிக்கல்தான். வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. எவ்வளவு காலம் என்பதில்தான் ஏமாறுகிறோம்.

தாருக்கு மாதிரியாகத் தொலுயீனை ஓட்டி, "தொலுயீன் முழுக்க மாறிவிட்டது, கடைசிவரை குறையவே இல்லை" என்று ஒரு வரைபடம் போட்டு ஆயுளை நிரூபித்துவிட்டதாக நினைப்பதுதான் முதல் தவறு, என்னைக் கேட்டால் மிகப் பெரிய தவறும் இதுதான். தேவைக்கு மேல் வினையூக்கியை அடைத்திருந்தால் மேல் பாதி செத்தாலும் கீழ்ப் பாதி வேலையை முடித்துவிடும், வெளியே வரும் வாயுவில் ஒன்றுமே தெரியாது. கடைசி அடுக்கும் போன பிறகு மொத்தமாகக் கவிழும். அதனால் வாயுவின் வேகத்தைக் கூட்டியோ வினையூக்கியைக் குறைத்தோ, மாற்றம் 50, 60 சதவீதத்தில் நிற்கும்படி ஓட்டுங்கள். சரிவு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது, சிலிண்டரில் வரும் சுத்தமான வாயுவில் மட்டும் சோதிப்பது. நிஜ வாயுவில் கந்தகம் கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அது கொஞ்சம் இருந்தாலே நிக்கலின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்ளும். 900 டிகிரி செல்சியஸ் அளவில் பிடி தளரும், 700-இல் இறுகும். ஆகவே கந்தகத்தைச் சேர்த்து, பல வெப்பநிலைகளில் பாருங்கள். (வேடிக்கை என்னவென்றால், அளவாகக் கொடுத்த கந்தகம் வினையூக்கியின் மேல் கரி படிவதைத் தடுக்கவும் செய்யும்.)

செயல்திறன் குறைகிறதே என்று நிக்கலை அள்ளிப் போடுவதும் உதவாது. நிக்கல் கூடினால் அதன் துகளும் பெரிதாகும், துகள் பெரிதானால் கரி இழை இழையாக வளரும். அந்த இழை நிக்கல் துகளைத் தாங்கியிலிருந்து பெயர்த்துத் தூக்கும், வினையூக்கிக் குளிகையே உடையும். அப்புறம் அந்தக் கரியைக் காற்று விட்டு ஒரே மூச்சில் எரித்தால் உள்ளே வெப்பம் எகிறும். நிக்கல் துகள்கள் ஏறத்தாழ 590 டிகிரியிலேயே நகர ஆரம்பிப்பவை, இந்தச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடும். நீராவியில் கொஞ்சமே கொஞ்சம் காற்று கலந்து மெதுவாக எரியுங்கள்.

பொடியில் எடுத்த முடிவை வைத்துக் குளிகையின் ஆயுளைச் சொல்லாதீர்கள். நொறுங்கும் வலுவைப் புதிதாக இருக்கும்போது மட்டுமல்ல, ஓட்டி முடித்த பிறகும் அளக்க வேண்டும். மெக்னீசியா கலந்த தாங்கியாக இருந்தால், சூடு இறங்கும்போது நீராவி பட்டு நீரேறி ஊதி உதிரும்.

கடைசியாக, நிறுத்தும்போது செய்யும் தவறு, இது ஆளையே கொல்லும். ஒடுக்கிய (ஆக்சிஜன் நீக்கிய) நிக்கல் 200 டிகிரிக்குக் கீழே கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்தால் நிக்கல் கார்பனைல் உருவாகலாம், கொடிய நஞ்சு. கலன் அந்த அளவுக்குக் குளிரும் முன்பே சின்கேஸை நைட்ரஜனால் முழுக்க வெளியேற்றிவிடுங்கள், அளந்து பார்த்து உறுதி செய்யாமல் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது.