கச்சான் வெக்கைக்குப் பைக்கில் ஒயில் கூலர் பூட்டுவது: முதல் முறை செய்பவர்களுக்கு

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் மத்தியானத்தில் பைக்கை எடுக்கவே மனம் வராது, ஏனென்றால் வீசுகிற காற்றே அடுப்புக் காற்று மாதிரித்தான் இருக்கும். அந்த வெக்கையில் கல்முனையிலிருந்து ஆரையம்பதி வரை சந்திக்குச் சந்தி நின்று நின்று வந்து பாருங்கள். கியர் இறுகும், நியூட்ரல் லேசில் விழாது, எஞ்சின் சத்தம் கரகரக்கும். சூட்டில் ஒயில் இளகிவிட்டால் இப்படித்தான். 90 முதல் 110 பாகை வரை ஒயிலுக்குச் சாதாரணம், 130ஐத் தாண்டினால் சீக்கிரம் கெட்டுவிடும்.

இந்தச் சூட்டைக் குறைக்கத்தான் ஒயில் கூலர், அதாவது எஞ்சின் ஒயிலை ஹோஸால் வெளியே எடுத்துக் காற்றில் ஆற்றித் திருப்பி அனுப்பும் சின்ன ரேடியேட்டர். சரி, அதை வாங்குவதற்கு முதல் ஒரு வேலை. ஒயில் மட்டம் சரியா, கடைசியாக எப்போது மாற்றினீர்கள், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, செயின் அளவுக்கு மேல் இறுக்கமா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சம்மாந்துறைப் பக்கம் வயலுக்குப் போய்வருபவர், கூலர் பூட்ட வேண்டும் என்று நின்றார், பார்த்தால் சிலிண்டரைச் சுற்றிக் காற்றுப் பட நீட்டியிருக்கும் தகடுகளுக்கு, அதாவது செட்டைகளுக்கு இடையில் சேறு காய்ந்து சீமெந்து மாதிரிக் கிடக்கிறது. கழுவியதோடு அவருடைய கதை முடிந்தது. 100 சிசி பைக்கில் கடைக்கும் வீட்டுக்கும் ஓடுபவர்களுக்கும் இது தேவையில்லை. பல்சர் 220 போன்றவற்றில் கம்பனியே பூட்டித் தருகிறது. அது இல்லாத 150, 160 சிசி காற்றுக் குளிர்ச்சி எஞ்சினில் தினமும் நீண்ட தூரம் ஓடுபவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

வேண்டியவை: சின்னக் கூலர் ஒன்று, ஒயில் போய்வர இரண்டு வாய் வைத்த ஃபில்டர் மூடி, இரண்டு ஹோஸ், ஹோஸ் முனைக்கான துளை போல்ட்டுகள் (பான்ஜோ போல்ட், ஒயில் அதன் நடுத் துளையால் ஓடும்), புதுக் கொப்பர் வாசர்கள், பிராக்கெட், ரப்பர் புஷ், புது ஒயில், புது ஃபில்டர். மூடி உங்கள் எஞ்சினுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். 'எல்லாத்துக்கும் சரிவரும்' என்று கடையில் சொன்னால் வாங்க வேண்டாம். துளை போல்ட்டின் புரியையும் பாருங்கள், 10 மில்லிமீற்றர் போல்ட்டிலேயே 1.0, 1.25, 1.5 என்று புரி இடைவெளி மாறும். தப்பானதை ஸ்பனர் போட்டு இறுக்கினால் அலுமினியப் புரி மாவாகிவிடும். கையால் நாலைந்து சுற்று லேசாகப் போகாத போல்ட் உங்கள் போல்ட் இல்லை.

ஹோஸில் நான் பட்டதைச் சொல்கிறேன். காசை மிச்சம்பிடிக்க சாதாரண பெட்ரோல் ஹோஸைப் போட்டேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் கல்லடிப் பாலத்தில் வரும்போது வலது செருப்பு வழுக்கியது. குனிந்து பார்த்தால் ஹோஸ் கிளிப் அடியில் ஊதிப் பிசுபிசுத்து, காலெல்லாம் ஒயில். பின் ரயரில் பட்டிருந்தால் இந்தப் பதிவே இருந்திராது. சூடான ஒயிலுக்கென்றே செய்த, குறைந்தது 150 பாகை தாங்கும், முனை அமுக்கிப் பொருத்திய ஹோஸ்தான் வேண்டும்.

இனி வேலை. எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே பழைய ஒயிலை வடியுங்கள். அது வடியும் நேரத்தில் கூலருக்கு இடம் பாருங்கள். எஞ்சினுக்கு முன்னால் இறங்கும் ஃபிரேம் குழாய்தான் நல்ல இடம், நேரே காற்றுப் படும். இரண்டு பேரை ஏற்றி முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை அமுக்கிப் பாருங்கள், மட்கார்டு கூலரில் முட்டக்கூடாது. ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள். வாய்கள் மேலே பார்த்தபடி வைத்தால் உள்ளே காற்று அடைபடாது. பிராக்கெட்டுக்கும் கூலருக்கும் நடுவில் ரப்பர் புஷ் கட்டாயம், இல்லாவிட்டால் அதிர்விலேயே வெடிப்பு வரும்.

அடுத்தது மூடி. பழைய மூடியைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி, மூடியின் ரப்பர் வளையத்தில் (ஓ-ரிங்) கொஞ்சம் ஒயில் தடவிப் புது மூடியைப் போடுங்கள். எந்த வாயால் ஒயில் வெளியே போகிறது, எதால் திரும்பி வருகிறது என்பதை மூடியோடு வந்த படத்தில் பார்த்தே ஹோஸைக் கொழுவுங்கள். ஒவ்வொரு துளை போல்ட்டுக்கும் ஹோஸ் முனையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசர். பழைய வாசரைத் திருப்பிப் போட வேண்டாம், ஒரு முறை நசுங்கியது மறுபடி அடைக்காது. ஹோஸ் சைலென்சர் குழாயில் படாமல் மூன்று விரல் இடைவெளி விட்டுப் போகட்டும். இறுக்கும்போது வேகம் வேண்டாம். எனக்கு இதைப் பழக்கிய கராஜ் ஐயா, "மனே, இரும்பை இறுக்கிற மாதிரி அலுமினியத்தை இறுக்காத" என்பார். மனுவலில் டோர்க் அளவு (எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற கணக்கு) இருந்தால் அதுதான் கணக்கு.

கூலருக்குள் கொஞ்சம் ஒயிலை ஊற்றி நிரப்பிவிட்டுக் கடைசி ஹோஸைப் பூட்டுவது நல்லது. எஞ்சினுக்கு மனுவல் சொல்லும் ஒயில்தான், ஜாஸோ எம்ஏ (JASO MA, பைக் கிளச்சுக்கு ஏற்ற ஒயில் என்ற தரக் குறி) என்று போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளச் வழுக்கும். இப்போது ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் விடுங்கள். யமஹா போன்ற சிலவற்றில் சிலிண்டர் தலையில் ஒயில் பார்க்கும் போல்ட் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் ஒரு நிமிடத்துக்குள் ஒயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் உடனே நிறுத்துங்கள், தலைக்கு ஒயில் ஏறவில்லை, பெரும்பாலும் ஹோஸ் மாறியிருக்கும் அல்லது காற்று அடைத்திருக்கும். கசிந்தால் போல்ட்டை இறுக்கி, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் பொறுத்து மட்டம் பாருங்கள், கட்டாயம் குறைந்திருக்கும். கூலரும் ஹோஸும் குடித்த அளவை ஊற்றி நிரப்புங்கள்.

பிறகு நாவற்குடா வரை போய்வந்து, ஹோஸ் பூட்டிய ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் கடதாசியால் ஒற்றிப் பாருங்கள். அடுத்த நாளும் ஒற்றுங்கள். இரண்டு ஹோஸும் கைக்குச் சூடாக இருக்க வேண்டும், ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் ஓட்டம் இல்லை. ஒன்று நினைவிருக்கட்டும், சந்தியில் நிற்கும்போது கூலர் ஒன்றும் செய்யாது, அதற்குக் காற்று வேண்டும்.

அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயப்போட்டிருக்கும் பக்கங்களால் ஓடினால் பதரும் வைக்கோல் தூசும் கூலர் செட்டைகளில் அடைந்துவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தட்டி எடுங்கள், பிரஷர் கன் அடித்தால் செட்டை மடங்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிடுங்கள். மார்கழி மழையில் ஒயில் சூடாகவே நேரம் எடுக்கும். அப்போது கூலரின் பாதியை ஒரு தகட்டால் மறைத்துக் கட்டிக்கொண்டு போகிறேன், மழை விட்டதும் கழற்றிவிடுவேன்.