தைராய்டு ஆபரேஷன்: தழும்பை விடுங்கள், விரல் நுனியைக் கவனியுங்கள்

தைராய்டை எடுக்க வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, கழுத்தில் தழும்பு தெரியுமா என்பதைத்தான். தழும்பு ஒரு வருடத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். சிக்கல் வரும் இடம் வேறு. தைராய்டின் பின்புறம் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பவை அவைதான். சர்ஜன் அவற்றை பத்திரமாக விட்டுவைத்தாலும், அவற்றுக்கு வரும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அசைபடுவதால் அந்தச் சுரப்பிகள் சில நாட்களோ வாரங்களோ வேலை செய்யாமல் முடங்கிவிடலாம். கால்சியம் அடிமட்டத்துக்கு இறங்குவது பெரும்பாலும் 2 முதல் 4-ஆம் நாளுக்குள். அதற்குள் பலர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

இது முக்கியமாக முழுச் சுரப்பியையும் எடுப்பவர்களுக்கு. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் மறுபக்கத்து இரண்டு பாராதைராய்டும் சமாளித்துவிடும். தைராய்டு மாத்திரையே தேவைப்படாமலும் போகலாம். ஆகவே சர்ஜனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: முழுசா, பாதியா?

தேதி குறித்த பிறகு

டி.எஸ்.எச். (தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ஸ்கேன், ஊசிப் பரிசோதனை எல்லாம் ஏற்கெனவே முடிந்திருக்கும். கால்சியமும் வைட்டமின் டி-யும் பார்த்தாயிற்றா என்று நீங்களே கேளுங்கள். வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தாலும் நம்மில் பலருக்கு வைட்டமின் டி குறைவுதான். அதைச் சில வாரம் முன்பே சரிசெய்தால் ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியம் சரிவது குறையும். காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாண்களையும் பார்க்க வேண்டும். குரல் நரம்பு ஒரு பக்கம் முன்பே செயலிழந்திருந்து, ஆபரேஷனில் மறுபக்கமும் பாதிக்கப்பட்டால் மூச்சே அடைபடலாம். குரல் நன்றாக இருக்கிறதே என்று இதைத் தட்டிக்கழிக்காதீர்கள்; ஒரு பக்க நாண் அசையாதவர்கள் சிலர் சாதாரணமாகவே பேசுவார்கள்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு அதை மாத்திரையால் அடக்கிய பிறகே கத்தி. அடங்காமல் போனால் ஆபரேஷனின்போது இதயத்துடிப்பும் காய்ச்சலும் எகிறும் ஆபத்தான நிலை வரலாம். சுரப்பை அடக்கும் கார்பிமசோலையும், இதயத்துடிப்பைக் குறைக்கும் ப்ரொப்ரனலாலையும் மருத்துவர் சொன்ன நாள்வரை விடக் கூடாது. சிலருக்கு ஆபரேஷனுக்கு முந்தைய 7 முதல் 10 நாள் லுகோல் அயோடின் சொட்டு தருவார்கள்; சுரப்பிக்குள் ரத்த ஓட்டம் குறையவே அது. வாய் கசக்கும், துணியில் கறை படியும். தண்ணீரிலோ ஜூஸிலோ கலந்து ஸ்ட்ராவால் குடியுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் எப்போது நிறுத்துவது என்று இதய மருத்துவரிடமும் சர்ஜனிடமும் கேட்டே முடிவெடுக்க வேண்டும். மீன் எண்ணெய் மாத்திரை, லேகியம், சூரணம் எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

திட உணவு 6 மணி நேரத்துக்கு முன், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதுவே சரி. பால் சேர்ந்தால் காபியும் உணவுக் கணக்குதான். "அரை டம்ளர்தானே" என்று குடித்துவிட்டு ஆபரேஷன் தள்ளிப்போனவர்கள் உண்டு. பிரஷர் மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் ஒரு மடக்குத் தண்ணீரோடு போடலாமா, சர்க்கரை மாத்திரை வேண்டாமா, இன்சுலின் எவ்வளவு என்பதை மயக்க மருந்து மருத்துவரிடம் முந்தைய நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூக்குத்தி, நகப்பூச்சு இரண்டையும் முதல் நாளே எடுத்துவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றத் தயக்கம் இருந்தால் அதையும் முன்பே பேசுங்கள்; ஆபரேஷனின்போது அது கழுத்தில் இருக்க முடியாது. தலைவழியாக மாட்டாத, முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டியோ சட்டையோ இரண்டு மூன்று எடுத்துச் செல்லுங்கள்.

முதல் 24 மணி நேரம்

விழித்ததும் தொண்டை கரகரக்கும், பிடரி வலிக்கும். மூச்சுக்குழாயில் குழாய் போட்டதும், கழுத்தைப் பின்னால் சாய்த்து வைத்திருந்ததும்தான் காரணம். தலைப்பக்கம் 30 டிகிரி உயர்ந்திருந்தால் வீக்கம் குறையும்.

உடன் இருப்பவர் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கழுத்து திடீரென்று உப்பி இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ, படுக்க முடியாமல் எழுந்து உட்காரத் துடித்தாலோ, காயத்துக்குள் ரத்தம் தேங்கிக்கொண்டிருக்கலாம். காலையில் டாக்டர் வருவார் என்று காத்திருக்காமல், அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிட்டுச் சத்தம் போடுங்கள். இது அபூர்வம்தான், ஆனால் நேரம் கொடுக்காத அபூர்வம். வீட்டுக்கு வந்த பிறகு நடந்தாலும் நேராக அவசரப் பிரிவுதான்.

கால்சியம்

முதல் அறிகுறி உதட்டைச் சுற்றி. எறும்பு ஊர்வது போல, மரத்தது போல இருக்கும். அடுத்து விரல் நுனிகள், பாதம். அதையும் விட்டால் கெண்டைக்காலில் குரக்களி, விரல்கள் தானாக மடங்கி இழுப்பது. பயந்துபோய் வேகவேகமாக மூச்சு விட்டால் மரமரப்பு இன்னும் கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

டிஸ்சார்ஜ் ஆகும்முன், மரமரப்பு வந்தால் கூடுதலாக எத்தனை கால்சியம் மாத்திரை போடுவது என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். போட்டும் அரை மணி முதல் ஒரு மணிக்குள் குறையவில்லை என்றாலோ, கை இழுத்துக்கொண்டாலோ மருத்துவமனைக்குப் போங்கள். நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்ற வேண்டியிருக்கும். மாத்திரையை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். ராத்திரி 2 மணிக்குத் திறந்திருக்கும் மருந்துக்கடை எல்லா ஊரிலும் கிடையாது.

மாத்திரை அட்டையில் ஒரு குழப்பம் உண்டு. 1250 மி.கி. கால்சியம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500 மி.கி. மட்டுமே. மருத்துவர் எந்தக் கணக்கில் எழுதினார் என்று கேளுங்கள். கார்பனேட் வயிற்று அமிலத்தில்தான் கரையும், ஆகவே சாப்பாட்டோடு போட வேண்டும். கேஸ் ட்ரபுளுக்குப் பான்டோப்ரசோல் சாப்பிடுபவர்களுக்கு அது சரியாகக் கரையாது. சிட்ரேட் வகை தரலாமா என்று கேட்கலாம். மொத்தமாக விழுங்குவதைவிடப் பிரித்துப் போட்டால்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். கூடவே கால்சிட்ரியால் கொடுத்திருந்தால், அது குடல் கால்சியத்தை உறிஞ்ச உதவுவது. செலவு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். உடம்பு தேறியதும் நீங்களாக நிறுத்தவும் கூடாது. ரத்தத்தில் அளவு பார்த்து, படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

தைராக்ஸினும் கடிகாரமும்

தைராக்ஸின் என்பது எடுத்த சுரப்பிக்குப் பதிலாகத் தினமும் போடும் தைராய்டு மாத்திரை. வயிற்றுக்குள் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே 4 மணி நேரம் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதே கணக்கு. நம் வீட்டு நேரத்துக்கு இப்படி வைத்துப் பாருங்கள்: விடிகாலை 5 மணிக்குத் தைராக்ஸின் வெறும் தண்ணீரோடு, 6 மணிக்குக் காபி, 9 மணி டிபனோடு முதல் கால்சியம், மதியச் சாப்பாட்டோடு அடுத்தது, இரவுச் சாப்பாட்டோடு கடைசி. காபியால் மாத்திரையை விழுங்கும் பழக்கம் இருந்தால் அளவு என்றைக்கும் நிலைக்காது. ஆனால் உதடு மரமரக்கும்போது இந்த 4 மணிக் கணக்கைப் பார்க்காதீர்கள், கால்சியத்தைப் போடுங்கள்.

முழுச் சுரப்பியும் போனவர்களுக்குத் தினமும் தேவைப்படும் தைராக்ஸின் தோராயமாக எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ என்றால் 100 மைக்ரோகிராமை ஒட்டி வரும். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் குறைவாகத் தொடங்குவார்கள்.

வீட்டில்

இரண்டு மூன்று நாள் ரசம் சாதம், கஞ்சி, இட்லி என மெத்தென்று இருந்தால் போதும். பத்தியம் எதுவும் இல்லை. தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறினால் முகவாயை மார்பு நோக்கித் தாழ்த்தி, சிறு மடக்காகக் குடியுங்கள். குரல் கம்மியிருந்தால் மெதுவாக, ஆனால் இயல்பான குரலில் பேசுங்கள். கிசுகிசுப்பது குரல்நாணுக்கு நல்லதென்று நினைக்கிறார்கள். அது இன்னும் சிரமம்தான். பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும், சிலருக்கு 6 மாதம்கூட ஆகும். ஒரு மாதத்துக்கு மேல் மாற்றமே இல்லை என்றால் குரல்நாணை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

கழுத்தை அசைக்காமல் மரம் போல வைத்திருப்பதால்தான் பலருக்குப் பிடரி பிடித்துக்கொள்கிறது. சர்ஜன் அனுமதித்ததும் மெல்ல இடம் வலம் திருப்புங்கள். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தையைத் தூக்குவது இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டாம். கழுத்தைத் தயக்கமின்றித் திருப்பிப் பார்க்க முடியும்வரை ஸ்கூட்டரும் வேண்டாம். தழும்பின் மேல் சங்கிலி உரசாமல் சில வாரம் பாருங்கள். வெயில் பட்டால் கறுக்கும், பருத்தித் துப்பட்டா போதும். காயத்தடியில் கெட்டியாக வரம்பு போலத் தட்டுப்படுவது ஆறும்போது இயல்பு. சிவந்து சூடாகி, சீழோ காய்ச்சலோ வந்தால் காட்டுங்கள்.

பயாப்ஸி முடிவை, அதாவது எடுத்த சுரப்பியை லேபில் பார்த்த முடிவை, வாங்காமல் கணக்கை மூடாதீர்கள். புற்று என்று வந்தால் சிலருக்கு ரேடியோ அயோடின் (மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடின்) தேவைப்படும். அதற்கு முன் அயோடின் உப்பைத் தவிர்க்கும் உணவுமுறையை அந்தச் சிகிச்சை தரும் பிரிவிலேயே சொல்லித்தருவார்கள்.

ஆபரேஷனுக்கு 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் புது அளவு உடம்பில் நிலைபெற்றிருக்காது. அன்று காலை ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடலாம். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், அதை நம்பி தைராக்ஸினைக் குறைத்துவிடுவார்கள்.