பாஸ்கர்வில் எழுத்துரு: மெல்லிய கோடு மறையாமல் பயன்படுத்துவது எப்படி?

ஆங்கிலத்தில் அழைப்பிதழோ புத்தக அட்டையோ வடிவமைக்க உட்கார்ந்தால் நான் முதலில் தேடுவது பாஸ்கர்வில்லைத்தான். நளினமான செரிஃப் எழுத்துரு, அதாவது கோடுகளின் முனையில் சிறு குறுக்குக் கோடு உள்ளது. அதன் அழகு மெல்லிய கோடுகளில் இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் கோட்டைவிடுவதும் அங்கேதான்.

படி 1: இறக்கிக்கொள்ளுங்கள்

கூகுள் ஃபான்ட்ஸில் 'லிப்ரே பாஸ்கர்வில்' இலவசம். திரையில் படிக்க வசதியாகச் சின்ன எழுத்துகளை (லோயர்கேஸ்) சற்று உயர்த்தி, தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்திருக்கிறார்கள்.

படி 2: பெரிதாக்கிப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 200 பாயின்ட் அளவில் சின்ன 'ஜி'யைத் தட்டுங்கள். கீழ் வளையம் முழுதாக மூடாமல் சிறு இடைவெளி விட்டு நிற்கும். பெரிய 'க்யூ'வின் வாலைப் பாருங்கள், பேனாவால் ஒரே வீச்சில் இழுத்தது போல இருக்கும். 'ஓ' இரு பக்கமும் தடித்து, உச்சியிலும் அடியிலும் மெலியும்.

இந்தப் பேனா ஓட்டம் தற்செயலானதல்ல. இந்த எழுத்துருவை வடிவமைத்த ஜான் பாஸ்கர்வில் அச்சுத் தொழிலுக்கு வருமுன் பர்மிங்காமில் கையெழுத்து கற்பித்தவர், கல்லில் எழுத்து செதுக்கியவர். 1757இல் ரோமக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது, மெல்லிய கோடும் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்று தாளைச் சூடாக அழுத்தி வழவழப்பாக்கினார். மையையும் அடர்கறுப்பாகத் தயாரித்தார். எழுத்துக்காகத் தாளையும் மையையும் மாற்றிய அந்த அக்கறைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

படி 3: அளவு

திரையில் பத்திகளுக்கு 16 பிக்சலுக்குக் குறைக்காதீர்கள். வரி இடைவெளி 1.5 அல்லது 1.6. எழுத்துகள் அகலமானவை, நெருக்கினால் மூச்சு முட்டும்.

படி 4: தலைப்பு

முழுக்கப் பெரிய எழுத்துகளில் (கேப்பிடல்) தலைப்பு வைத்தால் எழுத்துகளுக்கிடையே 5 சதவீத இடைவெளி கூட்டுங்கள். சின்ன எழுத்துகளில் அதைச் செய்யவே வேண்டாம், சொல் சிதறிவிடும். இடாலிக்கை அழைப்பிதழில் பெயர்களுக்கு மட்டும் வைத்துப் பாருங்கள்.

படி 5: பின்னணி

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தா? அச்சில் சுற்றியுள்ள மை பரவி மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும். போல்டு போடுங்கள், அல்லது அளவைக் கூட்டுங்கள்.

அச்சுக்கு அனுப்புமுன் நிஜ அளவில் ஒரு பக்கம் பிரின்ட் எடுத்து, பெரிய 'ஈ'யின் நடுக் கோட்டைப் பாருங்கள். அது விட்டுவிட்டுத் தெரிந்தால் ஒரு பாயின்ட் ஏற்றி இன்னொரு பிரின்ட் எடுங்கள்.