தீவு வீட்டில் டிஜிட்டல் டிவி: வெயில் நாளில் தெரிந்தால் மட்டும் போதாது

பாம்பன் தீவில் பெரும்பாலும் எங்கே நின்று பார்த்தாலும் ராமேஸ்வரம் டிவி டவர் கண்ணில் படும். 323 மீட்டர் உயரம். கடலிலிருந்து படகில் திரும்புகிறவர்களுக்குக் கரை தெரிவதற்கு முன்னால் அதுதான் தெரியும். அதன் காலடியில் வளர்ந்த எங்களுக்கு அந்த நாளில் ஆன்டெனா என்பது பெரிய விஷயமே இல்லை. ஒரு துண்டு ஒயரைச் செருகினாலே தூர்தர்ஷன் வந்துவிடும். மொட்டை மாடியில் குழாய் நட்டு, ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பினால் ரூபவாஹினியும் வரும். 1980களில் இந்தக் கரையில் டிவி வைத்திருந்த வீடுகளில் ரூபவாஹினி பார்க்காத வீடு குறைவு.

பிறகு எல்லாம் மாறியது. கேபிள் டிவியை டிஜிட்டலாக்கும் சட்டத் திருத்தம் 2011-ல் வந்தது. நான்கு கட்டமாக நடந்த அந்த மாற்றத்தில் எங்களைப் போன்ற சிற்றூர்கள் கடைசிக் கட்டம். கெடு 2017 மார்ச் 31. அந்த ஏப்ரலில் தமிழ்நாடு அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து, செப்டம்பரில் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்னொரு பக்கம், நாடு முழுக்க இருந்த பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பை, ஏறத்தாழ 50 இடங்கள் தவிர, 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. ஆக, தீவில் இன்று டிவி பார்க்க வேண்டுமென்றால் ஒன்று கேபிள் பாக்ஸ், இல்லையென்றால் டிஷ். இப்போதுதான் மாறுகிற வீடுகளும் உண்டு, மாறி வருடக்கணக்காகியும் அதே தவறை மறுபடி செய்கிற வீடுகளும் உண்டு. பல வீட்டு மாடிகளில் ஏறி டிஷ் திருப்பியவன் என்ற முறையில், நான் பார்த்தவற்றை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வெயில் அடிக்கிற நாளில் படம் தெளிவாக வந்ததும் வேலை முடிந்தது என்று இறங்கிவிடுவது.

அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் மழை பெய்யும். புள்ளி புள்ளியாக இருந்தாலும் ஆள் தெரியும், செய்தி வாசிப்பது காதில் விழும். டிஜிட்டல் அப்படி இல்லை. சிக்னல் ஓர் அளவுக்கு மேல் இருக்கும்வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த அளவுக்குக் கீழே ஒரு இழை இறங்கினாலும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, அப்புறம் ஒன்றுமே இல்லை. அதனால் விளிம்பில் நிற்கிற டிஷ்ஷும் நன்றாகத் திருப்பிய டிஷ்ஷும் வெயில் நாளில் ஒரே மாதிரிதான் படம் காட்டும். வித்தியாசம் வாடைக்காற்று தொடங்கி ஐப்பசி மழை பிடிக்கும்போதுதான் தெரியும். வீட்டு டிஷ்கள் வாங்குவது கேயு பேண்ட் எனும் மிக அதிக அதிர்வெண் அலை. கனமழை அதை விழுங்கிவிடும். பழைய டவரிலிருந்து வந்த அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தீவில் டிவி என்பது நாடகம் பார்க்க மட்டும் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியையும் அதற்குப் போய்க்கொண்டிருந்த பாம்பன் பாசஞ்சர் ரயிலையும் கடல் கொண்டுபோன ஊர் இது. பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், காற்றழுத்தம் எங்கே மையம் கொண்டிருக்கிறது என்று கேட்க எல்லோரும் டிவி முன்னால் உட்கார்வது மழை நாளில்தான். 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றபோதும், 2024 நவம்பர் 20 அன்று வானம் பொத்துக்கொண்டு கொட்டியபோதும் அப்படித்தான். நமக்கு டிவி மிகவும் தேவைப்படுகிற நேரமும் டிஷ் கைவிடுகிற நேரமும் ஒன்று.

சரி, என்ன செய்யலாம்? டிஷ் மாட்டும்போது டிவியில் படத்தைப் பார்க்காதீர்கள். செட்டாப் பாக்ஸ் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து வையுங்கள். அதில் இரண்டு கோடு இருக்கும்: ஸ்ட்ரென்த், குவாலிட்டி. பலர் ஸ்ட்ரென்த் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு ‘சூப்பர்’ என்று போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். டிஷ்ஷை வெறும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாலும் ஸ்ட்ரென்த் கொஞ்சம் காட்டும், அதை நம்பக் கூடாது. குவாலிட்டிதான் கணக்கு. அது வந்த உடனே நிறுத்தாமல், ஒரு நூல் அளவு இடம் வலம், மேலே கீழே அசைத்து, எங்கே அதிகபட்சமோ அங்கே நிறுத்தி இறுக்க வேண்டும். இதற்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும். மாட்ட வருகிறவர் அவசரப்பட்டால், ஒரு டீ கொடுத்தாவது அந்தக் கால் மணி நேரத்தை வாங்கிவிடுங்கள்.

பெரிய டிஷ் போட்டால் மழையைத் தாங்குமா என்று கேட்பார்கள். தாங்கும், ஓரளவுக்கு. 60 செ.மீ. டிஷ்ஷை விட 90 செ.மீ. டிஷ் இரண்டே கால் மடங்கு பரப்பில் சிக்னலை வாங்கும். அதே இரண்டே கால் மடங்கு காற்றையும் வாங்கும் என்பதுதான் தீவில் பிரச்சினை. கைப்பிடிச் சுவரில் இரண்டு திருகாணி போட்டு நிறுத்திய பெரிய டிஷ், கச்சான் காற்றிலேயே மெல்ல மெல்லத் திரும்பிவிடும். கான்கிரீட் தளத்தில் நாலு ஆங்கர் போல்ட் போட முடியும் என்றால் பெரியது வாங்குங்கள். இல்லையென்றால் சிறியதை ஒழுங்காக நிறுத்துவதே மேல். எப்படி நிறுத்தினாலும், பெரும் மழையில் ஐந்து பத்து நிமிடம் படம் போகத்தான் செய்யும். அப்போது பாக்ஸைத் தட்டுவதும், ரீசெட் கொடுப்பதும், சேனலை மறுபடி தேடச் சொல்வதும் வேண்டாம். அந்த நேரத்தில் தேடவிட்டால் இருக்கிற சேனல் பட்டியலும் அழிந்துபோகலாம். மழை கொஞ்சம் விட்டதும் தானே வரும்.

கேபிள் வீடுகளுக்கு இந்த மழைத் தொல்லை குறைவு. கேபிள்காரர் வைத்திருக்கிற டிஷ் பெரியது. ஆனால் அங்கே கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிற ஒயர் காற்றில் அறுந்துபோகும். இரண்டும் இரண்டு விதமாகக் கைவிடும். ஆகவே எது வைத்திருந்தாலும், கரண்ட் போனாலும் பாடுகிற ஒரு பேட்டரி ரேடியோ வீட்டில் இருக்கட்டும். டிஜிட்டல் வந்துவிட்டது என்று ரேடியோவைப் பழைய சாமான்காரருக்குப் போட்ட வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அடுத்தது உப்பு. தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் புது டிஷ் எட்டே மாதத்தில் செத்துப்போனது என்று கூப்பிட்டார்கள். பாக்ஸ் போய்விட்டது என்று புது பாக்ஸுக்கும் சொல்லியிருந்தார்கள். மேலே ஏறி, டிஷ் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பியில் திருகியிருந்த கனெக்டரைக் கழற்றப் பார்த்தேன், கையால் வரவில்லை. பிளையர் போட்டுத் திருகியதும் உள்ளேயிருந்து பச்சைப் பொடி கொட்டியது. நடுவில் இருக்க வேண்டிய செம்புக் கம்பி, குண்டூசி முனை அளவுக்குத் தேய்ந்து, தொட்டதும் ஒடிந்தது. கேபிளில் ஒரு சாண் வெட்டிவிட்டுப் புது கனெக்டர் மாட்டினேன். படம் வந்துவிட்டது. செலவு ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான். புது பாக்ஸ் தேவையே படவில்லை.

கடற்கரையில் வெளியே இருக்கிற எந்த இணைப்பையும் மூடாமல் விடக் கூடாது. சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு கோடையிலேயே பிசுபிசுத்துப் பிரிந்துவிடும். திருகுவதற்கு முன் கனெக்டரின் மரையில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவி, மேலே தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் எல்என்பிக்குள் போகும் இடத்துக்குச் சற்று முன்னால், கீழே தொங்குகிற மாதிரி ஒரு வளைவு விடுங்கள். மழைத் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஓடாது. இரும்பு போல்ட்டுக்குப் பதில் எவர்சில்வர் போல்ட் கேட்டு வாங்குங்கள். வருடம் ஒரு முறை, புரட்டாசி முடிவதற்குள், இதையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டால் மழைக்காலத்துக்குக் கவலை இல்லை. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, வீட்டில் ஆள் இருக்கிற அந்த நாட்களில் செய்தாலும் சரிதான். புயல் சின்னம் உருவான பிறகு டெக்னீஷியனைத் தேடினால் தீவு முழுக்க அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

டிஷ் வைக்கும் இடத்திலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கே 93.5 டிகிரியில் நிற்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து பார்த்தால் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில், ஏறக்குறைய தனுஷ்கோடி பக்கம், வானத்தில் 70 டிகிரி உயரத்தில். கிட்டத்தட்ட தலைக்கு மேல். ஆனால் டிஷ் தட்டு அவ்வளவு அண்ணாந்து பார்க்காது. அதன் வளைவு அப்படி, சாய்வாக வருகிற சிக்னலைத்தான் எல்என்பிக்குத் தள்ளும். இது தெரியாமல் தட்டின் முகத்துக்கு நேரே மரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அதற்கும் மேலே, உச்சியில் தலையாட்டுகிற தென்னையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு மட்டை குறுக்கே வந்தால் போதும், காற்றடிக்கும்போதெல்லாம் படம் விட்டு விட்டு வரும். இன்றைக்கு மறைக்காத கன்று மூன்று வருடத்தில் மறைக்கும். வேறு கம்பெனியின் டிஷ்ஷுக்கு மாறினால் பழைய தட்டை அப்படியே பயன்படுத்தலாம் என்று நினைப்பதும் தவறு. பல கம்பெனிகளுக்கு வேறு வேறு செயற்கைக்கோள், திசை மாறும்.

கேபிளைச் செருகும்போது பாக்ஸ் ஆஃப் ஆகியிருக்க வேண்டும். எல்என்பிக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் கரண்ட் அந்தக் கேபிள் வழியாகத்தான் மேலே போகிறது. பின்னல் கம்பியில் ஒரு இழை நடுக் கம்பியைத் தொட்டால் ஷார்ட். பழைய ஆன்டெனா ஒயரைக் கொண்டுவந்து அதே துளையில் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் எதுவும் வராது.

வாங்கும்போது ஏமாறுவது தனிக் கதை. ‘டிஜிட்டல் ஆன்டெனா, மாதக் கட்டணம் இல்லை, எல்லாச் சேனலும்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். தூர்தர்ஷன் 2016-ல் தரைவழி டிஜிட்டலைத் தொடங்கியது 16 நகரங்களில்தான். நம் தீவில் அந்த ஆன்டெனா துணி காயப்போடத்தான் ஆகும். ஃப்ரீ டிஷ் உண்மையிலேயே இலவசம், ஆனால் சன், விஜய் மாதிரியான கட்டணச் சேனல்கள் அதில் கிடையாது. தமிழில் கிடைப்பது டிடி தமிழும் வேறு சிலவும்தான். வீட்டில் சீரியல் பார்க்கிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், பாக்ஸ் வாங்கினால் எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) பாக்ஸாகப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிற பழைய எம்பெக்-2 பாக்ஸில் ஒரு பகுதிச் சேனல்கள் வரவே வராது.

‘டிஜிட்டலுக்கு மாறணும்னா புது டிவி வாங்கணும்’ என்று கடையில் சொல்வதையும் நம்ப வேண்டாம். 2006-லிருந்து அரசு கொடுத்த 14 அங்குல இலவச வண்ண டிவி இன்னும் ஓடுகிறதா? முன்னாலோ பின்னாலோ மஞ்சள், வெள்ளை நிறத்தில் துளைகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதே நிற ஒயர்களை பாக்ஸிலிருந்து செருகினால் போதும், டிவியை ஏவி மோடுக்கு மாற்ற வேண்டும்.

இந்த ஏவி மோடில்தான் வயதானவர்கள் தவித்துப்போகிறார்கள். எங்கள் தெருவில் தனியாக இருக்கிற ஓர் அப்பத்தாவுக்கு மகன் சென்னையிலிருந்து வந்து டிஷ் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுவாரம் போய்ப் பார்த்தால் டிவி மேல் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார். “அது போச்சுய்யா, நீலமா நிக்குது, மூணு நாளாச்சு” என்றார். டிவி ரிமோட்டில் கை பட்டு மோடு மாறியிருந்தது, அவ்வளவுதான். அந்த மூன்று நாளும் அவர் வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. டிவியை ஆன் செய்கிற பொத்தானிலும் ஏவி பொத்தானிலும் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தேன். பாக்ஸ் ரிமோட்டில் ஆன், சேனல், சத்தம் மூன்றுக்கும் பச்சை. நீலமாக நின்றால் சிவப்பில் இரண்டாவதை அமுக்கணும் என்று அவரையே நாலு தடவை அமுக்கச் சொன்னேன். மாட்டிக் கொடுக்கிற பிள்ளைகளே, ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ரிமோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும்.

கடைசியாக, மொட்டை மாடியில் இன்னும் நிற்கிற அந்தப் பழைய ஆன்டெனாக் குழாய். டிஷ் வந்த பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருபது முப்பது வருட உப்புக் காற்றில் அடிப்பாகம் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போயிருக்கும், வெளியே பெயிண்ட் மட்டும் நிற்கும். சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், சத்தம் மக்கலாக வந்தால் குழாய் போய்விட்டது. அடுத்த புயலில் அது விழப்போவது உங்கள் புது டிஷ் மேலாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக் கூரை மேலாகவும் இருக்கலாம். ஒரு ஆள் துணைக்கு வைத்துக்கொண்டு, பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பார்த்து, கயிறு கட்டி இறக்கிவிடுங்கள்.