ஒவ்வொரு வன்தட்டுக்கும் தனி விளக்கு: சாட்டா செருகியின் 11ஆம் முனை

கணினிப் பெட்டியின் முகப்பில் வன்தட்டுக்கென்று இருப்பது ஒரேயொரு சிறு விளக்குத்தான். உள்ளே நான்கு தட்டுகள் இருந்தாலும், அவற்றில் எது வேலை செய்தாலும், தாய்ப்பலகை அந்த ஒரே விளக்கையே மினுக்குகிறது. ஒரு தட்டு மட்டுமே உள்ள வீட்டுக் கணினிக்கு இது போதும். திருமண வீடியோக்களையும் கோவில் சடங்குகளின் பதிவுகளையும் பல தட்டுகளில் சேர்த்து வைத்திருப்பவருக்கு இது போதவே போதாது.

இதை நான் நட்டப்பட்டுத்தான் அறிந்துகொண்டேன். களுவாஞ்சிகுடியில் வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர், கண்ணகியம்மன் குளிர்த்திச் சடங்கின் பல வருடப் பதிவுகள் இருந்த கணினியை என்னிடம் கொண்டுவந்தார். ஒரே பதிவு இரண்டு தட்டுகளில் இரட்டிப்பாக இருந்தது. அவற்றில் ஒன்று பழுதாகிக்கொண்டிருந்தது. முகப்பு விளக்கோ அணையாமல் எரிந்தது. எந்தத் தட்டு திணறுகிறது என்பதை அந்த விளக்கு சொல்லாததால், கேபிள் மாட்டியிருந்த வரிசையை நம்பி ஒன்றைக் கழற்றினேன். கழற்றியது நல்ல தட்டு. பழுதானது மட்டும் உள்ளே நிற்க, கணினி பாதியில் உறைந்துபோனது. பிறகு நல்ல தட்டை வேறொரு கணினியில் மாட்டிப் பதிவுகளைப் பிரதி எடுத்து முடிக்க விடிந்துவிட்டது. பதிவுகள் தப்பின; ஆனால் அந்த இரவுக்குப் பிறகு, இரண்டு தட்டுக்கு மேல் உள்ள எந்தக் கணினியையும் தனி விளக்கு வைக்காமல் நான் திருப்பிக் கொடுப்பதில்லை.

வேலையைத் தொடங்குமுன் எளிய வழி உண்டா என்று பாருங்கள். சாட்டா என்பது வன்தட்டைத் தாய்ப்பலகையோடும் மின்வழங்கியோடும் இணைக்கும் செருகி முறை. மேலதிகமாகச் செருகும் சாட்டா அட்டைகள் சிலவற்றில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி விளக்கு முனைகள் இருக்கும். அப்படி இருந்தால், எல்.ஈ.டி.யை அந்த முனைகளில் செருகுவதோடு வேலை முடிந்தது. ஈயம் வைக்கத் தேவையில்லை.

அது இல்லாதவர்களுக்கு உதவுவது சாட்டா மின்செருகியின் 15 முனைகளில் 11ஆவது. வேலை நடக்கும்போது தட்டு இந்த முனையைப் புவியோடு, அதாவது கறுப்பு வயரோடு, இணைத்து அதன் வோல்ற்றைத் தாழ்த்துகிறது. வேலை இல்லாதபோது விட்டுவிடுகிறது. தட்டு தானே தரும் சமிக்ஞை என்பதால் இதில் ஆள்மாறாட்டத்துக்கு இடமில்லை. ஆனால் இது மிக மெலிந்த சமிக்ஞை. எல்.ஈ.டி.யை நேரடியாக இந்த முனையில் தொங்கவிட்டால் எரியக்கூடும்; இருந்தாலும் தட்டின் மின்சுற்றை அப்படி வருத்துவதை நான் ஏற்பதில்லை. ஒரு திரான்சிற்றரை இடையில் வைப்பதே முறை.

ஒரு தட்டுக்கு வேண்டிய பொருட்கள் சிலவே: பி.என்.பி. வகையான பிசி557 திரான்சிற்றர் ஒன்று, 1என்4148 இருவாயி (டயோட்) இரண்டு, 10 கிலோ ஓம் தடையி இரண்டு (கபிலம், கறுப்பு, செம்மஞ்சள்), 220 ஓம் தடையி ஒன்று (சிவப்பு, சிவப்பு, கபிலம்), சிவப்பு எல்.ஈ.டி. ஒன்று, சாட்டா மின்நீட்டிப்புக் கேபிள் ஒன்று. நீலமோ வெள்ளையோ வாங்காதீர்கள். அவற்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ற் வேண்டும், இந்தச் சுற்றில் அவை ஒழுங்காக எரியமாட்டா. சிவப்புக்கு 2 வோல்ற் அளவில் போதும்.

இணைப்பு இப்படி அமையும். நீட்டிப்புக் கேபிளின் சிவப்பு வயரில் வரும் 5 வோல்ற்று, தொடராக வைத்த இரண்டு இருவாயிகளின் ஊடாகத் திரான்சிற்றரின் காலிக்கு (எமிற்றர்) வரட்டும். இருவாயிகளின் கோடிட்ட முனைகள் காலியின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். சேகரிப்பானிலிருந்து (கலெக்டர்) 220 ஓம் தடையி, அதிலிருந்து எல்.ஈ.டி.யின் நீண்ட கால், அதன் குட்டைக் காலிலிருந்து கறுப்பு வயர். திரான்சிற்றரின் அடிக்கும் (பேஸ்) 11ஆம் முனைக்கும் இடையில் ஒரு 10 கிலோ ஓம் தடையி, அடிக்கும் காலிக்கும் இடையில் மற்றது. இருவாயி எதற்கு என்று கேட்பீர்கள். தட்டின் உட்சுற்று 3.3 வோல்ற்றில் நிற்கக்கூடும். காலியில் முழு 5 வோல்ற்று இருந்தால், தட்டு ஓய்ந்திருக்கும்போதும் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டேயிருக்கும். இரண்டு இருவாயிகளும் சேர்ந்து ஏறக்குறைய 1.4 வோல்ற்றைக் குறைத்து அதைத் தடுக்கின்றன. விளக்கு எரியும்போது 11ஆம் முனையில் பாயும் மின்னோட்டம் 0.3 மில்லியம்பியர் அளவுதான், எல்.ஈ.டி.க்கோ 7 மில்லியம்பியர் கிடைக்கிறது.

பிசி557இன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், இடமிருந்து சேகரிப்பான், அடி, காலி என்று வரும். கடையில் அதற்குப் பதிலாக 2என்3906 கொடுத்தால் அந்த வரிசை அப்படியே தலைகீழாகும்.

இனி மிகவும் நுணுக்கமான பகுதி. பெரும்பாலான மின்கேபிள்களில் 10, 11, 12 ஆகிய மூன்று முனைகளும் ஒரே உலோகத் துண்டால் புவியோடு பிணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பிணைப்பை அறுக்காவிட்டால் எவ்வளவு அழகாகச் சுற்றுக் கட்டினாலும் பயனில்லை. இதைக் கணினியின் மின்வழங்கிக் கேபிளில் ஒருபோதும் செய்யாதீர்கள். நீட்டிப்புக் கேபிளிலேயே செய்யுங்கள், பிழை நேர்ந்தால் கேபிளோடு போகும். நீட்டிப்புக் கேபிளும் பின்மூடி கழலும் வகையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உருக்கி வார்த்த செருகிகளைத் திறக்கவும் முடியாது. அவற்றின் உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று முட்டித் தீப்பிடித்த சம்பவங்களும் உண்டு.

தட்டில் மாட்டும் பக்கத்துச் செருகியின் பின்மூடியை மெல்லிய திருகாணிச் செலுத்தியால் நெம்புங்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே உள்ள கறுப்பு வயரை மெதுவாகத் தூக்கினால், கீழே மூன்று நாக்குகள் கொண்ட சிறிய உலோகச் சீப்பு தெரியும். அதை வெளியே இழுத்து, 11ஆம் முனையான நடு நாக்கை மட்டும் அடியோடு நறுக்குங்கள். நறுக்கிய நாக்கின் பின்னுனியில் தலைமயிரிலும் சற்றே தடித்த வயரொன்றை ஈயம் வைத்துப் பிடித்து, அதன் பழைய இடத்திலேயே செருகுங்கள். இரு நாக்குகளோடு மிஞ்சிய சீப்பையும் திரும்ப வைத்து மூடியை அழுத்துங்கள். பிறகு பல்மானியால் (மல்ட்டிமீற்றர்) பாருங்கள்: புதிய வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையில் தொடர்ச்சி இருக்கவே கூடாது.

தட்டை மாட்டுமுன் சுற்றைத் தனியே சோதிக்க வேண்டும். பழைய யூ.எஸ்.பி. கேபிளொன்றை வெட்டி, அதன் சிவப்பு, கறுப்பு வயர்களைப் பல்மானியில் பார்த்து உறுதிசெய்து, போன் சார்ஜரின் 5 வோல்ற்றைச் சுற்றுக்குக் கொடுங்கள். தட்டுக்குப் போகவேண்டிய வயரைக் கறுப்பில் தொட்டால் விளக்கு எரிய வேண்டும், எடுத்தால் அணைய வேண்டும். எல்லா வன்தட்டும், குறிப்பாக எல்லா எஸ்.எஸ்.டி.யும் (சுழலும் பாகம் இல்லாத தட்டு), 11ஆம் முனையில் சமிக்ஞை தருவதில்லை. ஆகவே ஒரு சுற்றைக் கட்டி, உங்கள் தட்டுகள் ஒவ்வொன்றிலும் மாட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கட்டுங்கள்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கல்லடியில் இருந்து வேலை செய்பவன் என்ற முறையில் இதையும் சொல்லவேண்டும்: உப்புக்காற்று மூடாத ஈயப்பற்றைப் பச்சை பூக்க வைத்துவிடும். ஒவ்வொரு பற்றையும் ஸ்பிரிட்டால் துடைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். விளக்குத் துளைகளைத் துளைக்கும்போது முகப்புப் பலகையைக் கழற்றி வெளியே வைத்தே துளையுங்கள். ஒரு உலோகத் துகள் தாய்ப்பலகையில் விழுந்தாலும் கேடு. சுவர்ச் செருகியைக் கழற்றாமல் பெட்டிக்குள் கைவைக்காதீர்கள்.

11ஆம் முனை இப்போது நேரே புவியோடு இணையாததால், சில தட்டுகள் மின்சாரம் வந்த உடனேயே சுழலாமல், தாய்ப்பலகை தரவுக் கேபிள் வழியாகத் தொடர்புகொள்ளும்வரை காத்திருக்கும். கணினி தொடங்கச் சில நொடி தாமதித்தால் அது பழுதன்று.

கடைசியாக, எந்த விளக்கு எந்தத் தட்டு என்பதை ஊகிக்காதீர்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பெரிய கோப்பொன்றைப் பிரதி செய்து, எது மினுங்குகிறது என்று பார்த்து, அந்தத் தட்டின் தொடர் இலக்கத்தின் கடைசி நான்கு எழுத்துகளை விளக்கின் கீழ் ஒட்டுங்கள். வேலை எதுவும் கொடுக்காதபோதும் ஒரு விளக்கு மட்டும் நிமிடக்கணக்கில் அணையாமல் நின்றால், முதலில் அந்தத் தட்டில் இருப்பதைப் பிரதி எடுங்கள். கழற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.